நின்று வாசிக்கத் தெரியாதவன்

ரங்கூனில் 1921 மார்ச் மாதம் நல்லப்பனைக் கண்டால் ஆகாதவர்களை எண்ண உட்கார்ந்தால் பொழுது போய்விடும். கல்லூரியில் அவனுக்கு மேலே இருந்த பேராசிரியர் ஆஷ்டனுக்கு ஆகாது. கீழே உட்கார்ந்து பாடம் கேட்ட பர்மியப் பையன்களுக்கு ஆகாது. பெண்டாட்டி ஆவுடையம்மாளுக்கு, புருஷன் என்ற அளவில் ஆகும்; சனிக்கிழமை அவன் பிடிலைத் தூக்கிக்கொண்டு இன்சீனுக்கு ரயில் ஏறும்போது அதுவும் போய்விடும். இன்சீனில் எந்த அயர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து வாசித்தானோ, அவர்களுக்காவது அவனைப் பிடித்ததா என்றால், அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கதை.

அவன் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தான். தற்காலிக விரிவுரையாளன். துறைமுகத்தில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதியவரின் மகன் அதுவரை ஏறியதே பெரிய காரியம் என்று பொட்டட்டாங் பக்கத்துத் தமிழர்கள் வாயைப் பிளந்தார்கள். நல்லப்பனுக்கு அது போதவில்லை. தற்காலிகம் என்ற சொல் மூன்று வருஷமாக அவன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. ஏப்ரல் முதல் தேதி அது போகவேண்டும்; போகாவிட்டால் அவன் போகவேண்டும். பர்மாவில் பௌதிகம் கற்பிக்க வேறு இடம் கிடையாது. அப்பா உட்கார்ந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து மூட்டைச் சீட்டு எழுதலாம். அந்த வேலை அவனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், ஆஷ்டன் தும்மினால் இவன் கைக்குட்டையைத் தேடுவான்.

ஏனென்றால் சிபாரிசு எழுதவேண்டியவர் ஆஷ்டன். அந்த மனிதருக்கு இவன் சுருட்டை முடியிலிருந்து செருப்பு வரை எதுவுமே சரியில்லை. ஈரக்காற்றில் வயலின் நரம்பு எத்தனை தளர்கிறது என்று நல்லப்பன் இரண்டு மழைக்காலம் அளந்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தான். ஆஷ்டன் அதன் மேலே சிவப்பு மையில் "பிடில்காரன் ஆராய்ச்சி" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உள்ளுக்குள் இவன்தான் தூண்டிவிட்டிருப்பான் என்று அவருக்குச் சந்தேகம். உண்மையில் இவன் காலி வகுப்பில் போய் நின்று, இருபத்தாறு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டு வந்தவன். அது பையன்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபிறகு அவர்கள் இவனை 'சயா' என்று கூப்பிட்டார்கள். பர்மியில் வாத்தியாருக்கு அதைவிட மரியாதையான சொல் இல்லை. அதை அவர்கள் சொன்ன விதத்தில் வேம்பு கசந்தது.

இன்சீன் சகவாசம் வந்தது ஒரு அழுத்தமானியால். அங்கே ரயில் பட்டறையில் கொதிகலன் போர்மேன் கீகன். ஐம்பது வயது, சிவந்த கழுத்து, இருபது வருஷம் தமிழ்க் கூலிகளை வேலை வாங்கியதில் வந்த பட்டறைத் தமிழ். அதில் 'நீ' உண்டு, 'நீங்கள்' கிடையாது. பட்டறையின் அழுத்தமானிகளைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்க அவர் கொண்டுவருவார். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு நாள் காத்திருக்கும்போது சீட்டியடித்தார். நல்லப்பன் கையில் அளவு பார்க்க வைத்திருந்த வயலின் இருந்தது. அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அவர் அடித்த சீட்டியை முதல் ஓட்டத்திலேயே அட்சரம் பிசகாமல் திருப்பி வாசித்தான். சிறுவயதில் துறைமுகத் தமிழர்களின் நாடகக் கொட்டகையில் எந்த நடிகன் எந்தச் சுருதியில் எகிறினாலும் பின்னாலேயே ஓடிப் பழகிய காது அது.

கீகன் பாராட்டவில்லை. "எங்க பிடில்காரன் கப்பல் ஏறி ஊருக்குப் போய்ட்டான். சனிக்கிழமை வா," என்றார்.

போனான். கீகன் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை. கீகன் குழல், டூலன் என்ற கம்மியன் துருத்திப் பெட்டி, இன்னொருவன் ஒற்றைத் தோல் போட்ட வட்டப் பறையை முழங்காலில் நிறுத்தித் தட்டுவான். அவர்கள் ஊர்க் கிராமத்து ஆட்டப் பாட்டுகள். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு தடவை வாசிக்கவேண்டும்; முடிந்ததும் மூச்சுவிடாமல் அடுத்த பாட்டுக்குத் தாவவேண்டும். நல்லப்பனின் விரல் பழக்கதோஷத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்தால், கீகன் குழலால் தகரத்தில் ஓங்கி அடிப்பார்.

"வெரலு வழுக்குது. இது உன் கோயில் இல்ல. நேரா வெய்யி."

டூலன் இவனோடு நேராகப் பேசவே மாட்டான். இவனைப் பற்றிக் கீகனிடம் பேசுவான், இவன் அங்கே இல்லாததுபோல. இவனுக்கு என்று ஒரு கோப்பை தனியாக ஆணியில் தொங்கியது. இத்தனைக்கும் ஏன் போனான் என்று ஆவுடையம்மாள் கேட்காத சனிக்கிழமை இல்லை. அந்தப் பாட்டுகள் இரண்டாவது தடவை திரும்பும் இடத்தில் நாலு பேர் வாத்தியமும் ஒன்றாய்த் திரும்புமே, அந்த நொடியில் அவன் தற்காலிகம் இல்லை. அவ்வளவுதான் காரணம். அது அவனுக்கு உயிராக இருந்தது.

நடனங்களில் வாசிக்கும்போதுதான் அவமானம். இன்சீனில் பட்டறை வெள்ளைக்காரர்களுக்கு ஒரு மன்றக் கூடம். மேடையில் கறுப்பு ஆள் ஒருவன் பாயில் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருப்பது துரைசானிகளின் கண்ணை உறுத்துகிறது என்று டூலன் கண்டுபிடித்தான். அதன்பிறகு இவனுக்கு முன்னால் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்தன. இரண்டு வருஷம் இலைகளுக்கு வாசித்தான். போன தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் வயிறு எரிந்து கீகனிடம் கேட்டான், நின்று வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று. நின்றால் தொட்டி வைக்க முடியாதே.

நம்முடைய வயலின்காரன் எவனும் நின்று வாசிப்பதில்லை. உட்கார்ந்தால் வாத்தியத்தைக் காலும் நெஞ்சும் தாங்கும், இடது கை சுதந்திரமாக ஓடும். நின்றால் தாடையால் கவ்வவேண்டும், இல்லையென்றால் நழுவும். மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல், மற்ற இருவரும் போனபிறகு கீகன் அவன் தாடையைப் பிடித்து வயலின்மேல் அழுத்தினார். திட்டாமல் ஒரு பாட்டு முடிந்ததில்லை. "எருமை. தாடைய எடுக்காத. எடுத்தா கை போய்டும்." கழுத்தில் காய்ப்புக் காய்த்தது. பிப்ரவரி கடைசியில் நல்லப்பன் எட்டுப் பாட்டுகளை நின்றபடி கை தளராமல் வாசித்தான். கீகன் குழலைத் துடைத்தார். அவர் திட்டாததே பெரிது என்று இவன் ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தான்.

மார்ச் பதினேழு அவர்கள் நாட்டுப் புனிதரின் திருநாள். அன்று மாலை மன்றக் கூடத்தில் நடனம். அன்றைக்கு நிற்பதாக முடிவு. அதற்குள் திங்கட்கிழமை, அயர்லாந்தின் விடுதலைக்குப் போராடிய ஆறு பேரை ஆங்கிலேயர்கள் டப்ளின் சிறையில் தூக்கில் போட்டார்கள். புதன்கிழமை அது ரங்கூன் பத்திரிகையில் வந்தது. கீகனின் அண்ணன் மகன் ஒருவன் அதே ஊரில் இன்னொரு சிறையில் இருந்தான். வியாழக்கிழமை நல்லப்பன் கூடத்துக்குப் போனபோது மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மேடையில் பாய் விரித்திருந்தது. தொட்டிகளும் இருந்தன.

"இன்னிக்கு உக்காரு," என்றார் கீகன், அவனைப் பார்க்காமல். "ரயில்வே பெரிய தொரை வர்றான். டூலன் ஒத்துக்கல. இன்னிக்கு சண்டைக்கு எனக்குத் தெம்பு இல்ல."

நல்லப்பன் உட்கார்ந்தான். அவன் மனசுக்குள் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. மூன்று மாதக் காய்ப்பை வைத்துக்கொண்டு, இலை இடுக்கு வழியாகப் பார்த்தபோது, பெரிய துரைக்குப் பக்கத்து நாற்காலியில் பேராசிரியர் ஆஷ்டன் இருந்தார். துரைக்கு மைத்துனராம். தொட்டியைப் பார்த்து நல்லப்பனுக்கு அன்றைக்கு மட்டும் நன்றியாக இருந்தது.

எந்த நிகழ்ச்சியும் இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் ராஜ வாழ்த்தோடுதான் முடியும். எல்லோரும் எழுந்து விறைப்பாக நிற்கவேண்டும். வழக்கமாக அதை வாசிப்பது மூலையில் இருக்கும் பியானோ. அதை வாசிக்கிற அம்மாள் ஒருத்தி உண்டு. அவள் ஆரம்பிக்குமுன் இந்த மூவரும் தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவார்கள். இத்தனை வருஷமாக அது யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு அந்த அம்மாளுக்கு அம்மை போட்டிருந்தது. நடனம் முடிந்தது. துரை எழுந்தார். கூடம் முழுக்க எழுந்தது. மன்றச் செயலாளர் மேடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கீகன் குழலை உறையில் போட்டார். டூலன் துருத்திப் பெட்டியின் கொக்கியை மாட்டினான். பறைக்காரன் முதலில் இறங்கினான், பிறகு இவர்கள் இருவரும். அவசரமில்லாமல் பக்கச் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டாள்.

செயலாளர் மேடையேறித் தொட்டிகளை இழுத்தார். பாயில் நல்லப்பன், மடியில் வயலினோடு.

"நல்லப்பன்," என்று ஆஷ்டனின் குரல் வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டது. "வாசியுங்கள்."

வாசிக்காமல் இருந்தால் வேலை அந்த நிமிஷத்தோடு போச்சு. வாசித்தால், சுவரோரம் நிற்கும் கீகன் அவன் முகத்தில் இனி விழிக்கமாட்டார். அது இரண்டும் அவனுக்குத் தெரிந்தது. மூன்றாவதாக ஒன்றும் தெரிந்தது: அவனால் எழுந்து நிற்க முடியும். எழுந்து, தாடையில் வைத்து, மரியாதையாக வாசிக்க முடியும். உட்கார் என்றவர்கள் இவர்கள்தானே. இரண்டு வருஷம் இலைக்குப் பின்னால் உட்காரவைத்தார்களே, இப்போது எதற்கு எழுந்திருக்க வேண்டும்? எழாமலே வில்லை எடுத்தான். ராஜ வாழ்த்தை முதலிலிருந்து கடைசிவரை, பாயில் சம்மணம் போட்டபடி, ஒரு பிசகு இல்லாமல் வாசித்தான். இருநூறு பேர் நின்றார்கள். அவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

வாசித்ததில் ஆஷ்டனும் உட்கார்ந்ததில் கீகனும் சமாதானம் ஆவார்கள் என்று மனசின் ஒரு மூலையில் அவன் நினைத்ததும் உண்டு. படித்த முட்டாள் என்று இப்படிப்பட்டவர்களைத்தான் சொல்வது. வெளியே வந்ததும் கீகன் அவன் காலடியில் துப்பினார்.

"வாசிச்சிட்ட இல்ல. போ. உன் தொரை வேல குடுப்பான்."

துரை வேலை கொடுக்கிற லட்சணம் மறுநாள் காலையில் தெரிந்தது. அரசரின் பாட்டுக்கு வேண்டுமென்றே எழாமல் இருந்த ராஜதுரோகம் பற்றித் திங்கட்கிழமை முதல்வர் முன்னிலையில் விசாரணை என்று ஒரு கடிதம். கீழே ஆஷ்டனின் கையெழுத்து.

வீட்டில் ஆவுடையம்மாள் கடிதத்தை அவன் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அழவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"வெள்ளக்காரன் கூத்துக்கு ஒத்து ஊதப் போகாதீகன்னு நான் சொன்னப்ப கேட்டீகளா? இப்ப நான் சொல்றத கேளுங்க. நம்ம ஆளுக பிடில உக்காந்துதான வாசிக்காக? எனக்கு உக்காந்துதான் வாசிக்க வரும்னு சொல்லிப்புடுங்க. அவனுக்கு என்னத்தத் தெரியும்?"

"அது பொய், ஆவுடை. எனக்கு நின்னு வாசிக்கத் தெரியும்."

"யாருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்னு?"

"கீகனுக்குத் தெரியும்."

"அப்ப அந்தாளு வாயப் பொறுத்த கதை," என்றாள் அவள், வெடுக்கென்று, உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பறை ஒன்றில் விசாரணை நடந்தது. முதல்வர் வயசானவர், நியாயஸ்தர், காது நன்றாகக் கேட்கும். பக்கத்தில் ஆஷ்டன். சுவரோரம் ஒரு பெஞ்சில் கீகன். குழுவின் தலைவர் என்று சாட்சிக்கு வரவழைத்திருந்தார்கள். அன்றைக்கு ஏன் வாசிக்கவில்லை என்று பட்டறையில் அவரைக் கேட்டபோது உதடு வெடித்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருந்தார். மூவர் உதடும் ஒரே நாளில் வெடித்ததா, துருத்திப் பெட்டிக்கும் பறைக்கும் உதடு எதற்கு என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. போர்மேன் இல்லாமல் கொதிகலன் ஓடாது.

நல்லப்பன் சொன்னான்: "எங்கள் வழக்கத்தில் வயலினை உட்கார்ந்துதான் வாசிப்போம், ஐயா. எனக்கு நின்றுகொண்டு வாசிக்கத் தெரியாது. எழுந்திருந்தால் வாசித்திருக்க முடியாது. வாசிக்கும்படி பேராசிரியர் சொன்னார். நான் கீழ்ப்படிந்தேன்."

முதல்வர் கீகனிடம் திரும்பினார். "இவர் நின்று வாசித்து நீங்கள் பார்த்ததுண்டா?"

கீகன் நல்லப்பனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கருணை ஒரு சொட்டு இல்லை.

"எந்த மேடையிலும் இவன் நின்று நான் பார்த்ததில்லை," என்றார் கீகன், ஆங்கிலத்தில். அது முழு உண்மை. நிற்கவிட்டால்தானே.

ஆஷ்டன் விடுவதாக இல்லை. "சோதனை செய்து பார்த்துவிடலாமே. நாம் பௌதிகக்காரர்கள். வயலின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. மிஸ்டர் நல்லப்பன் எங்கள் முன்னால் நின்று வாசிக்கட்டும். அன்றைக்கு வாசித்ததையே."

வயலின் வந்தது. அதோடு செய்தியும் வராந்தாவில் பரவி, கதவருகில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் கூடிவிட்டார்கள். நல்லப்பன் எழுந்து வயலினைத் தாடைக்குக் கீழே வைத்தான், வேண்டுமென்றே கோணலாக. வில்லை வைத்ததும் முதல்வர் வழக்கப்படி எழுந்துவிட்டார். ராஜ வாழ்த்து ஆயிற்றே. அவர் எழுந்தபிறகு ஆஷ்டன் உட்கார்ந்திருக்க முடியுமா? அவரும் எழுந்து விறைத்தார். கீகன் கடைசியாக, முழங்கால் வலிப்பதுபோல மெதுவாக எழுந்தார்.

வாசித்தான். முதல் வரியில் வயலின் தோளிலிருந்து வழுக்கியது, பிடித்தான். இரண்டாவது வரியில் வில் நரம்புகளைத் தாங்கும் குதிரைக்கட்டைமேல் ஏறிக் கிறீச்சிட்டது. எந்தச் சுரத்தை எவ்வளவு தாழ்த்தினால் காது கூசும் என்று இரண்டு மழைக்காலம் நரம்பை அளந்தவனுக்குத் தெரியாதா? ஒரு மயிரிழை தாழ்த்தினான். அடுத்ததை ஒரு மயிரிழை ஏற்றினான். பயத்தில் ஆரம்பித்தவனுக்கு நடுவில் பயம் போய்விட்டது. ராஜ வாழ்த்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் முதல்வருக்கும் கிடையாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அயர்லாந்துக்காரர்களோடு பழகிய தோஷம், முதல் பாகத்தை இரண்டாம் தடவை வாசித்தான். பிறகு இரண்டாம் பாகத்தையும் இரண்டு தடவை. முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். ஆஷ்டனின் காது இரண்டும் சிவந்தன. கதவருகில் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நல்லப்பன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"போதும் போதும்," என்றார் முதல்வர், முடிந்தபிறகு. "இவருக்குத் தெரியாது என்பது தெளிவு. துரோகம் ஒன்றுமில்லை. சிபாரிசை எழுதிவிடுங்கள், ஆஷ்டன்." கீகனுக்கு நன்றி சொல்லி அனுப்பினார், பையன்களை விரட்டினார், தொப்பியை எடுத்துக்கொண்டு தானும் போய்விட்டார்.

ஆஷ்டன் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்கள் இடது கை நன்றாகத் தடுமாறியது, மிஸ்டர் நல்லப்பன். வலது கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. நானும் கவனிக்கிறவன்தான்."

நல்லப்பன் வயலினை மேஜைமேல் வைத்தான்.

"முதல்வர் சொல்லிவிட்டார், நான் சிபாரிசு எழுதுவேன். அதற்குமுன் நீங்கள் ஒன்று எழுதவேண்டும்." ஒரு தாளை நகர்த்தினார். "எனக்கு வயலினை நின்று வாசிக்கத் தெரியாது, ஒருநாளும் வாசித்ததில்லை என்று. கையெழுத்தும் தேதியும். இது என் பெட்டியில் இருக்கும். இந்த ஊரில் எந்த மேடையிலாவது, எவன் வீட்டிலாவது நீங்கள் நின்று வாசித்ததாக என் காதுக்கு வந்தால், அரசரின் பாட்டுக்கு வேண்டுமென்றே உட்கார்ந்ததாகவும் முதல்வரிடம் பொய் சொன்னதாகவும் ஆகும். அன்றைக்கு நீங்கள் வெளியே. என் மைத்துனர் வாரம் ஒரு தடவை இன்சீன் போகிறார், ஞாபகம் இருக்கட்டும்."

பேனா அவர் கையிலேயே தயாராக இருந்தது. நல்லப்பன் அந்தத் தாளைப் பார்த்தான். வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கள் உலகத்தில் இருக்கலாம். அவன் துறைமுக ஸ்டூலை நினைத்தான், ஆவுடையை நினைத்தான், எழுதினான். கையெழுத்தும் போட்டான், தேதியும் போட்டான். ஆஷ்டன் மை உலர ஊதி மடித்துக்கொண்டார்.

கீழே போர்டிகோவில் கீகன் நின்றுகொண்டிருந்தார். ரயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்த நல்லப்பன் திகைத்து, திட்டு வாங்கத் தயாராகப் படியிறங்கினான். அவர் முகம் அவன் இரண்டு வருஷத்தில் பார்க்காத முகமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

"ரெண்டு ரெண்டு தடவ," என்றார் அவர். "ரெண்டு ரெண்டு தடவ வாசிச்சியே, பாவி. அவனுங்க ரெண்டு பேரும் விறைச்சு நிக்கறானுங்க. அந்தப் பாட்ட அதுக்கு ஏத்த மாதிரி வாசிச்சு நான் இன்னிக்குத்தான் கேட்டேன். எங்க அண்ணனுக்குக் கடிதாசி எழுதப் போறேன்."

கையை நீட்டினார். அந்தக் கொட்டகையில் ஒருநாளும் அவர் இவனுக்குக் கை கொடுத்ததில்லை.

"டூலன் கிட்ட நான் பேசிக்கறேன். வர்ற திங்கள் ஈஸ்டர் டான்ஸ். பாய் கெடையாது, தொட்டி கெடையாது. நீ நடுவுல நில்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன். எவன் என்ன சொல்றான்னு பாத்துடலாம்."

இரண்டு வருஷம் தனிக் கோப்பையில் குடித்துவிட்டு, காலடியில் துப்பலையும் வாங்கிக்கொண்டு நல்லப்பன் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அது வந்த நேரத்தைப் பார்.

"எனக்கு நின்னுகிட்டு வாசிக்கத் தெரியாது, மிஸ்டர் கீகன்."

கீகன் இன்னும் சிரித்தார். "அத உள்ளயே வுட்டுட்டு வா."

"தெரியாது. எப்பவும் வாசிச்சதில்ல."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"மூணு மாசம்," என்றார். "உன் தாடையில அழுத்துனது யாரு கை?"

மாடியில் ஜன்னல் திறந்திருந்தது. அங்கே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கக்கூட நல்லப்பனுக்குத் தைரியம் இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க," என்றான்.

கீகன் கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். துப்பவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லப்பன் தாங்கியிருப்பான். முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் விடைபெறுவதுபோலத் தொப்பியைத் தொட்டார், இருபது வருஷப் பட்டறைத் தமிழை விட்டுவிட்டு, முதல்தடவையாக அவனிடம் ஆங்கிலத்தில், "நல்லது, ஐயா. தவறான ஆளிடம் பேசிவிட்டேன்," என்றார். பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.